பொட்டலமும் ஏழாம் தொகுதியும்

பிறந்தபோது ஒன்றரைக் கிலோகூட இல்லை. "ஒரு வாரம் தாங்கினா பெரிசு" என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். தங்கை அந்த வாரத்தை ஜெயித்தாள். பதினோரு வயதில் ஆறு கிலோ இஸ்திரிப் பெட்டியை நாள் முழுக்கத் தூக்கிக் காட்டி, "இது ஆம்பளைங்க சமாசாரம்" என்று சொன்ன சலவைக் கடை முதலாளியை ஜெயித்தாள். இருபத்தாறு வயதில் மஞ்சள் காமாலையை ஜெயித்தாள். கணவன் லாரி விபத்தில் போனபோது, "ஒண்டியா என்ன பண்ணப் போறாளோ" என்று உச்சுக்கொட்டிய தெருவை, இரண்டு மகள்களையும் செவிலியர் படிப்பு வரை ஏற்றிவிட்டு ஜெயித்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்தது மொத்தம் மூன்றே நாள். அப்படிப்பட்டவள் தெருவுக்கு ஆறு அங்குலத் தண்ணீர்க் குழாயை ஜெயித்தாள். ஆளே இல்லை என்று எழுதப்பட்ட கட்டடத்திலிருந்து முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாக்காளர்களை ஜெயித்தாள். அரசாங்கம் மூட்டை கட்டி வைத்திருந்த ஒரு தேர்தல் தொகுதிக்குப் பன்னிரண்டு வருஷ ஆயுளை ஜெயித்துக் கொடுத்தாள்.

அவளைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிறந்த நான்காம் நாள் அப்பா அவளை ஒரு துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தபோது, எதிர்வீட்டுக்காரர், "என்னப்பா பொட்டலம், பக்கோடாவா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பொட்டலம்தான். அக்காவுக்கு அப்போது நாலு வயது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த முதல் ஆள் தான்தான் என்ற பெருமை அக்காவுக்கு இன்னும் போகவில்லை.

ஏழாம் தொகுதி இப்போது இல்லை. 1995-இல் நகரத்தின் வரைபடத்தையே புதிதாகப் போட்டபோது அதுவும் போயிற்று. அப்போது ஒன்பது தொகுதிகள் சேர்ந்து போயின, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தத் தொகுதி பிறந்தது 1949-இல், நகரசபைக்கு முதல் தேர்தல் வந்தபோது. வடக்கே ரயில் பாதை, தெற்கே கால்வாய், இரண்டும் கிழக்கே போய் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கூர்முனை. நடுவில் பதினொரு தெருக்கள். வரைபடத்தில் பார்த்தால் அசல் இஸ்திரிப் பெட்டி. முதல் தேர்தலில் ஜெயித்தவர் ஒரு கிளாரினெட் வித்துவான். நன்றி சொல்ல வந்தவர், பேச வராததால் பதினொரு தெருவிலும் வாசித்துக்கொண்டே போனார். 1957-இல் இரண்டு பேருக்கும் சரியாக ஆயிரத்து இருநூற்று மூன்று ஓட்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஜெயித்தவர் மயங்கி விழ, தோற்றவர் விசிறிவிட்டார். அப்போதெல்லாம் தொகுதியில் ஒன்பதாயிரம் வாக்காளர்கள்.

1974-இல் நூற்பாலை மூடிக்கொண்டது. ஆலைக் குடியிருப்பில் இருந்தவர்கள் ஊர் ஊராகக் கலைந்தார்கள். ஆலையின் மூன்று மாடிப் பஞ்சுக் கிடங்கு மட்டும் நின்றது. யாரோ அதை வாங்கி, பலகையாலும் தகரத்தாலும் தடுத்து, அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். நூற்றறுபது குடும்பம், ஒரே வாசல், ஒரே கதவு எண்: பதினான்கு.

பொட்டலத்தின் சலவைக் கடை அந்தக் கிடங்குக்கு நேர் எதிரே. முதலாளி முடியாமல் படுத்த பிறகு கடை அவள் கைக்கு வந்திருந்தது. அக்கா கால்வாய்க்கு அந்தப் பக்கம், எட்டாம் தொகுதியில் வாக்கப்பட்டவள். ஆறாம் வகுப்பு வரை படித்தவள். தினமும் காலை ஏழரைக்கு நடைபாலம் தாண்டி வந்து கடையில் ரசீது எழுதுவாள். தண்ணீர்தான் பெரும்பாடு. கடையில் குழாய் கிடையாது. பொட்டலம் கால்வாய்க்கரைப் பொதுக்குழாயிலிருந்து நாளைக்கு நூற்றிருபது வாளி தூக்குவாள். அவள் தன் ஒரே ஆஸ்திபோல நினைத்திருந்தவை, தெருமுனையில் நாலு மாதமாக அடுக்கிக் கிடந்த இரும்புக் குழாய்கள். ஏழாம் தொகுதிக்கென்று வந்து இறங்கியவை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்றை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவாள்.

1983 மார்ச் மூன்றாம் தேதி கிடங்குச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கூட்டம் கூடியது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தாள். ஐயாயிரம் வாக்காளருக்குக் குறைந்த தொகுதிகள் கலைக்கப்படும். ஏழாம் தொகுதியில் இருப்பது 4,612. ஆகவே அது எட்டாம் தொகுதியோடு இணைக்கப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் மார்ச் பதினேழாம் தேதி மாலை ஐந்து மணிக்குள், விசாரணை அதிகாரி முன்னிலையில் தெரிவிக்கலாம்.

"எட்டோட சேர்ந்தா என்னக்கா ஆகும்?" என்றாள் பொட்டலம். கையில் ஈரத் துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"குழாய் எட்டுக்குப் போகும். எங்க தெருவுல ஏற்கெனவே ரெண்டு குழாய் இருக்கு, மூணாவதா இதையும் போடுவாங்க."

"உனக்கு மூணு, எனக்கு வாளியா?"

"என்னை ஏன்டி முறைக்கிற? நானா நோட்டீஸ் அடிச்சேன்?"

நகரசபை உறுப்பினரைத் தேடிப் போனார்கள். அவர் ஏற்கெனவே எட்டாம் தொகுதியில் நிற்க இடம் பார்க்கக் கிளம்பியிருந்தார். திரும்பி வரும் வழியில் பொட்டலம் நட்டநடுத் தெருவில் நின்றுவிட்டாள்.

"நாலாயிரத்து அறுநூறா? அக்கா, கிடங்கு ஆளுங்களைச் சேர்த்தா?"

அக்கா மறுநாளே நகரசபை அலுவலகத்துக்குப் போய் வாக்காளர் பட்டியலைக் கேட்டு வாங்கி, வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டாம் தெரு, கதவு எண் பதினான்கு. நேரே ஒரே வரி: "கிடங்கு. குடியிருப்போர் இல்லை." கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று கேட்டிருக்கிறார், வாசல்காரன் வரிக்குப் பயந்து "இது குடோன் சார்" என்றிருக்கிறான், முடிந்தது கதை.

கடைக்கு ஓடி வந்து சொன்னபோது பொட்டலத்துக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப நம்ம கையில இருக்காங்கடி ஆளுங்க!" என்று அக்காவையே "டி" போட்டுவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து உதறினாள்.

அந்தச் சுருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணி மாறாமலிருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. சட்டைக் காலரின் உள்பக்கம் சிவப்பு நூலிலோ நீல நூலிலோ சின்னதாகத் தைத்துவிடுவாள். வேறு கடைகளில் எண் தைப்பார்கள். பொட்டலத்துக்கு எண்ணை எழுதவும் தெரியாது, எழுத்தும் தெரியாது. தூண்டில், தேள், சீப்பு, பாதி நிலா, கால் உடைந்த நாற்காலி என்று அவளாகக் கட்டிய குறிகள். புதிய குடும்பம் வந்தால் சுருளில் ஒரு குறி ஏறும். வீட்டைக் காலி செய்தால் அந்த இடத்தை ஊசியால் பிரித்தெடுப்பாள். பன்னிரண்டு முழம் நீளத்துக்கு அந்தச் சுருள் வளர்ந்திருந்தது. எந்தக் குறி எந்த அறை, அந்த மூட்டையில் எத்தனை அளவுச் சட்டை, எத்தனை அளவுப் பாவாடை, எல்லாம் அவள் தலைக்குள்.

"தூண்டில் வீடு. பெரிய சட்டை ரெண்டு அளவு, பாவாடை ஒரு அளவு. மூணு ஓட்டு, போட்டுக்கோ."

அக்கா போட்டுக்கொண்டாள். முழு நாள் ஆயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு! வேண்டியதோ முந்நூற்று எண்பத்தெட்டு. இரண்டு பேரும் இஸ்திரி மேசையைச் சுற்றிக் குதித்ததில் ஒரு படுக்கை விரிப்பு கருகியது.

மறுநாள் அக்கா ஒவ்வோர் அறையாகப் போய், பட்டியலில் பெயர் சேர்க்கும் பாரம் நிரப்பத் தொடங்கினாள். முதல் அறையிலேயே குட்டு உடைந்தது. சீப்பு வீட்டின் நாற்பத்திரண்டு அளவுச் சட்டைக்குச் சொந்தக்காரன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிற, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளை.

"ஏன்டி, வயசுக்கும் சட்டைக்கும் என்னடி சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் அவன் மூஞ்சியா துவைக்கிறேன்?"

இப்படி உடம்பு பெருத்த பத்தொன்பது பிள்ளைகள் கழிந்தார்கள். செவிலியர்களும் சமையல்காரர்களுமாக எட்டுப் பேர், சீருடைக்கு ஒரு குறி, வீட்டு உடுப்புக்கு ஒரு குறி என்று இரண்டு ஆளாக ஏறியிருந்தார்கள். அந்த எட்டும் போயிற்று. அக்கா கூட்டிப் பார்த்தாள். கழித்துப் பார்த்தாள். முந்நூற்று எண்பத்தைந்து. மூன்று குறைகிறது.

பொட்டலம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்கும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அப்போது கடை வாசலை ஒருவர் கடந்து போனார்; தோளில் காயப்போட எடுத்துப்போகும் ஈரச் சட்டை. கிடங்கின் மூன்றாம் மாடிப் பூட்டுக்காரர்.

"இவர் எந்தக் குறிடி?"

"குறி கிடையாது. கஞ்சன். தானே துவைச்சுக்குவான்."

"அப்ப இவரை எண்ணலையா?"

"என்கிட்ட துணி போடாதவனை நான் ஏன் எண்ணணும்?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி! கணக்கெடுக்க வந்தவன் கதவைப் பார்த்து எண்ணினான். நீ துணியைப் பார்த்து எண்ணியிருக்க. அவனுக்கும் உனக்கும் என்னடி வித்தியாசம்?"

"அவனுக்குச் சம்பளம் உண்டு" என்று எழுந்தாள் பொட்டலம்.

தன்னிடம் துணி போடாதவர்கள் வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தவள், அன்று மூன்று மாடியும் ஏறி, அத்தனை கஞ்சர்களின் கதவையும் தட்டினாள். பூட்டுக்காரர் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, "சலவைக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "சலவைக்கு வரல அண்ணே, உங்க ஓட்டுக்கு வந்திருக்கேன்" என்றாள். "அதுக்கு எவ்வளவு?" "இலவசம்!" என்றதும் கதவு முழுசாகத் திறந்தது. கடைசி அறையில் மூன்று சகோதரிகள். ஒரே ஒரு நல்ல உடுப்பை முறை வைத்துப் போட்டுக்கொள்கிறவர்கள். அந்த உடுப்பையும் தாங்களே துவைப்பவர்கள். அவர்களோடு சேர்த்து இருபத்திரண்டு. மொத்தம் நானூற்று ஏழு!

அக்கா இரவு பகல் பாராமல் எழுதினாள் என்று சொன்னால் பொய். காலை ஏழரை முதல் மாலை ஆறு வரை எழுதினாள். நானூற்று ஏழு பாரத்தில் ஓரிடத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. ஆட்சேபம் சொல்கிறவர் பெயரை மூன்று நாள் முன்னதாகவே பதிய வேண்டும், அவர் அந்தத் தொகுதி வாக்காளராகவும் இருக்க வேண்டும். அக்கா எட்டாம் தொகுதி. கிடங்குக்காரர்கள் பட்டியலிலேயே இல்லை. ஆகவே தங்கையின் பெயரைப் பதிந்தாள்.

பதினேழாம் தேதி காலை பத்து மணி. நகரசபையின் நீள அறை, பெஞ்சுகள், சுவரில் ஒரு பெரிய கடிகாரம். விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. பென்சிலைக்கூட மேசையின் ஓரத்துக்கு நேராக வைக்கிறவர். அக்காவுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. பொட்டலம் சுருளை விரித்தாள். மேசையிலிருந்து வழிந்து, தரையில் ஓடி, கதவு வரை போயிற்று.

"என்னம்மா இது?"

"கிடங்கு ஜனங்க மேடம்."

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "நூலை யார் வேணும்னாலும் தைக்கலாம். இந்தக் குறிக்கெல்லாம் நிஜமா ஆள் இருக்காங்கன்னு நான் எப்படி நம்புறது? ஆள் இல்லைன்னு எங்க ஊழியர் எழுதியிருக்காரே. அவரும் இங்கதான் இருக்கார்." பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த இளைஞர் எழுந்து நின்றார்.

பொட்டலம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். மனிதரை அல்ல, சட்டையை. கண் மின்னிற்று. அக்காவுக்கு அந்த மின்னல் தெரியும்.

"மேடம், அவர் காலரைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க. நீல நூல்ல தேள் இருக்கும்."

பக்கத்தில் இருந்தவர் காலரைத் திருப்பினார். தேள்! கொடுக்கு உட்பட.

"இது... இது என் மச்சானோட சட்டை மேடம். என்னோடது கிழிஞ்சிருந்துச்சு, அவசரத்துக்குப் போட்டுட்டு வந்தேன்."

"மச்சான் எங்க இருக்கார்?"

இளைஞர் கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "கிடங்குல மேடம். ரெண்டாவது மாடி."

"பாரம் நாற்பத்து மூணு" என்று அக்கா எடுத்து நீட்டினாள்.

"அப்புறம் ஆளே இல்லைன்னு ஏன்யா எழுதினீங்க?"

"அப்ப எனக்குக் கல்யாணம் ஆகலை மேடம்!"

பெஞ்சுகள் அதிர்ந்தன. அதிகாரியும் பென்சிலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் இரண்டு குமாஸ்தாக்களைக் கூப்பிட்டார்: ஒவ்வோர் அறையாகப் போங்க, ஒவ்வோர் ஆளாகப் பாருங்க. அவர்கள் போனார்கள். பொட்டலமும் அக்காவும் பெஞ்சில் காத்திருந்தார்கள். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று. பொட்டலம் பெஞ்சின் ஆணிகளை எண்ணினாள், பக்கத்துக்காரரின் பொத்தான் தளர்ந்திருப்பதைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தினாள். நாலு பத்துக்குக் குமாஸ்தாக்கள் வேர்த்து விறுவிறுத்து வந்தார்கள். ஒன்பது பேர் அகப்படவில்லை, அடித்துவிட்டோம். மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டும் சரி. அக்காவின் விரல் காற்றிலேயே கூட்டிற்று. ஐயாயிரத்துப் பத்து!

"அக்கா, போதுமா?"

"பத்து மிச்சம்டி! பத்து!"

நாலு முப்பத்தைந்துக்கு அறிக்கை தட்டச்சாகி வந்தது, மூன்று பிரதி. பொட்டலம் கட்டை விரலை மைப்பெட்டியில் அழுத்தி, முதல் பிரதியில் வைத்தாள். அதிகாரி குனிந்து பார்த்தார். கறுப்பாக ஒரு வட்டம். அவ்வளவுதான். ஒரு ரேகை இல்லை. முப்பது வருஷத்துச் சலவைச் சோடாவும் இஸ்திரிச் சூடும் அத்தனையையும் தேய்த்து எடுத்திருந்தன. வலது, இடது, பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. பத்தும் வழவழவென்ற பொட்டு.

"ரேகை விழாத கைநாட்டு செல்லாதும்மா. சட்டம் அப்படி."

"இதுவரைக்கும் ஓட்டுப் போடுறப்ப வெச்சேனே?"

"அதை யாரும் உத்துப் பார்க்கல. இதை மேலிடத்துல பார்ப்பாங்க. கையெழுத்துப் போடணும்."

"நான் போடட்டுமா?" என்றாள் அக்கா.

"நீங்க எட்டாம் தொகுதி. பதிஞ்ச பேர் இவங்களோடது. இனிமே வேற ஆளைப் பதிய நாள் கிடையாது." அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "இருபது நிமிஷம் இருக்கு. முடியுமா பாருங்க. நான் எழுந்து போகமாட்டேன்."

நானூற்று ஏழு பேருக்குப் பேர் எழுதியவள், கூடப் பிறந்தவளுக்கு நாலு எழுத்துக் கற்றுத்தராமல் முப்பத்தொன்பது வயது வரை விட்டிருக்கிறோமே என்று அக்காவுக்குக் கண் கலங்கிற்று. ஒரு காகிதத்தின் பின்பக்கம் தங்கையின் பெயரைப் பெரிதாக எழுதினாள்.

பொட்டலம் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். சாய்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். புதுக் குடும்பத்துக்குக் குறி கட்டும்போது பார்க்கிற அதே பார்வை.

"இவ்வளவுதானா? கால் உடைஞ்ச நாற்காலியே இதைவிடக் கஷ்டம்." பிறகு, "ரெண்டாவதுல ஒரு சுழி கூடுதலா இருக்கே. எடுத்துடலாமா?"

"அரசாங்கத்துக்கிட்ட பேரம் பேசாதடி!"

மூன்று தரம் காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். பேனாவை ஊசியைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள். முதல் தரம் காகிதம் கிழிந்தது, இரண்டாம் தரம் கிழியவில்லை, மூன்றாம் தரம் அக்கா எழுதியதைவிட நன்றாக இருந்தது. குமாஸ்தாக்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். தேள் சட்டைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு ஐம்பத்தொன்று.

அறிக்கையின் மீது குனிந்தாள். பேனா வலது கோடியில் இறங்கிற்று. அக்காவுக்குப் பகீரென்றது. கடைசி எழுத்திலிருந்து தொடங்குகிறாள்! பொட்டலம் எப்போதும் வலமிருந்து இடமாகத் தைப்பவள். அதே வழக்கத்தில் பெயரையும் வாலிலிருந்து தலைக்கு ஓட்டுகிறாள். அக்கா வாயைத் திறக்கப் போனாள். அதிகாரி கையைக் காட்டி அடக்கினார்.

"எந்தப் பக்கத்துலருந்து தொடங்கணும்னு சட்டத்துல இல்லை. போடட்டும்."

நாலாவது எழுத்து. மூன்றாவது. சுழி குறையாமல் இரண்டாவது. பிறகு முதல் எழுத்து, அதன் கடைசி வளைவில் நூலை இழுத்து முடிச்சுப் போடுவதுபோல ஒரு சின்னக் கொக்கி. இரண்டாம் பிரதி. மூன்றாம் பிரதி. ஒன்றுக்கொன்று அச்சுப் பிசகவில்லை. யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். பொட்டலம் நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் மை.

அதிகாரி மூன்று பிரதிகளையும் நேராக அடுக்கி, முத்திரை வைத்து, கையெழுத்துக்குக் கீழே தன் கையாலேயே எழுதினார்: 17 மார்ச் 1983, வியாழக்கிழமை.